டோபார் மாட்டுறதுக்கு முன்னாடி: பின்னால் என்ன இருக்குன்னு காருக்குத் தெரியணும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கணும்னு சில இடங்களில் சுருக்கியிருக்கோம்.)

பிரிட்டன்ல இருக்கிற நம்ம ஆட்கள் நிறைய பேர் இப்ப வீக்கெண்ட் வந்தா சைக்கிளைத் தூக்கிக்கிட்டு வேல்ஸ் பக்கம் கிளம்புறீங்க. சிலர் சின்ன ட்ரெய்லர்ல டெண்ட், அடுப்பு, அரிசி மூட்டைன்னு ஏத்திக்கிட்டுக் குடும்பத்தோட போறீங்க. அதனால இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில வந்துக்கிட்டே இருக்கு: "அண்ணா, கார்ல பார்க்கிங் சென்சார் இருக்கு. டோபார் மாட்டினா அது எப்பவும் கத்திக்கிட்டே இருக்குமா?"

கத்தலாம். கத்தாமலும் பார்த்துக்கலாம். எது நடக்கும் என்பது நீங்க எடுக்கிற ரெண்டு முடிவைப் பொறுத்தது. ஒண்ணு, எந்த வகை டோபார். இன்னொண்ணு, எந்த வகை வயரிங். பெரும்பாலும் நாம முதல் முடிவுக்கு ரெண்டு வாரம் யோசிக்கிறோம். ரெண்டாவதை "நீங்களே பார்த்துப் போடுங்க"ன்னு ஃபிட்டர் கையில விட்டுடறோம். யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுற கதைதான் இது. வயரிங்கை முதல்ல முடிவு பண்ணுங்க என்பதுதான் இந்த எபிசோடில் நான் சொல்ல வர்ற விஷயம். ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

புதுசா கேட்கிறவங்களுக்கு: டோபார் என்பது பின் பம்பருக்கு உள்ளே, காரின் உடல் சட்டத்தோடு போல்ட் போட்டு மாட்டுற இரும்புச் சட்டம். அதிலிருந்து வெளியே நீட்டிக்கிட்டு நிற்கிற உருண்டைதான் டோபால். அதோட விட்டம் 50 மில்லிமீட்டர். ட்ரெய்லரோ, கேரவனோ, சைக்கிள் ரேக்கோ அந்த உருண்டையில்தான் உட்காரும். பக்கத்திலேயே ஒரு மின்சார சாக்கெட் இருக்கும். ட்ரெய்லரின் விளக்குகளுக்கு அங்கிருந்துதான் கரண்ட் போகும்.

ஒரு பீப்புக்கு ஏன் இவ்வளவு கவலை?

என் நண்பர் ஒருத்தர் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கினார். பின்னால் ஏற்கெனவே நிரந்தரமா பொருத்தின டோபார். ரிவர்ஸ் கியர் போட்டதும் சென்சார் விடாம ஒரே பீப். பின்னால் ஒண்ணுமே இருக்காது. சென்சார் பார்த்தது அந்த இரும்பைத்தான். முதல் வாரம் எரிச்சலா இருந்தது. ஒரு மாசத்துல பழகிப்போச்சு.

ஒரு சனிக்கிழமை காலையில வீட்டு வாசல்லேர்ந்து ரிவர்ஸ் எடுக்கிறார். வழக்கமான பீப். அவர் மனைவி ஜன்னல்லேர்ந்து அலறின சத்தத்துலதான் பிரேக்கை மிதிச்சார். மகளோட ஸ்கூட்டர் டயருக்கு அடியில். மகள் அதை எடுக்க வந்து, ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டிருந்தா. ஸ்கூட்டரோட போச்சு.

அவர் அப்புறம் என்கிட்ட சொன்னது ஒரே வாக்கியம்: "பீப் அடிச்சுதுடா, ஆனா அது தினமும்தான் அடிக்குது."

சின்ன வயசுல கேட்ட "புலி வருது" கதை நினைவிருக்கா? பொய்யா கத்தின பையன் கதை. சென்சார் தினமும் பொய்யா கத்தினா, நிஜமா கத்துற நாள்ல நம்ம காது அதைத் தள்ளிவிட்டுடும். சென்சாரையே அணைச்சு வெச்சுட்டாலும் கதை அதேதான். அதனால டோபார் மாட்டின பிறகும் அந்த பீப் நம்பிக்கையானதா இருக்கணும்.

சென்சார் பார்க்கிறது எப்படி?

பம்பர்ல நாணய அளவுல வட்டமா தெரியுதே, பெரும்பாலும் நாலு, அதுதான் சென்சார். ஒவ்வொண்ணும் மனிதக் காதுக்குக் கேட்காத உயர்ந்த அலைவரிசையில ஒரு ஒலியை அனுப்பும். நமக்குக் கேட்கிற எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். இது 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேல. அந்த ஒலி எதிலாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கணக்குப் போட்டு தூரத்தைச் சொல்லும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கிற சுவரில் பட்டுத் திரும்ப சுமார் 6 மில்லி செகண்ட். வௌவால் இருட்டுல பறக்கிற அதே வித்தை.

தூரம் குறையக் குறைய பீப் நெருக்கமாகும். பொதுவா 30 சென்டிமீட்டருக்குள்ள ஏதாவது வந்துட்டா இடைவெளி இல்லாத ஒரே சத்தம். இங்கேதான் சிக்கல். டோபாலும் அதைத் தாங்குற கழுத்தும் பம்பருக்கு மிக அருகில், சென்சார் பார்வைக்குள்ள இருந்தா, கார் நினைக்கிறது: "இடிச்சுட்டோம்!" சென்சாருக்கு இரும்பும் தெரியாது, குழந்தையும் தெரியாது. எதிரொலி மட்டும்தான் தெரியும்.

இன்னொரு விஷயத்தை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. சென்சார் டோபாலைக் கண்டுக்காம அமைதியா இருந்தாலும், அது அளக்கிறது பம்பர்லேர்ந்து. டோபால் பம்பரைத் தாண்டி 15 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கிட்டிருந்தா, சென்சார் "இன்னும் 30 இருக்கு"ன்னு சொல்ற இடத்துல உங்களுக்கு நிஜமா இருக்கிறது 15தான். பக்கத்து கார்க்காரரோட நம்பர் பிளேட் இப்படித்தான் பள்ளமாகுது. பல கார்களில் "டோபார் பொருத்தியாச்சு"ன்னு காரின் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணிட்டா, அது இந்த நீட்டலையும் சேர்த்துக் கணக்குப் போடும். இதைத்தான் கோடிங்னு சொல்றாங்க. இதைப் பத்தி வயரிங் பகுதியில் விரிவாச் சொல்றேன்.

நாலு வகை டோபார்

முதல் வகை, ஃபிளாஞ்ச். தட்டையான முகம் உள்ள தகடு, அதில் ரெண்டோ நாலோ போல்ட் போட்டு டோபாலை இறுக்கியிருப்பாங்க. விலை குறைவு, முரட்டு உழைப்பு. உருண்டை தேய்ஞ்சா அதை மட்டும் மாத்தலாம். ஆனா நாலு வகையில் பெரும்பாலும் அதிகமா வெளியே நீட்டுறது இதுதான். தட்டை முகம் எதிரொலியை நல்லாவே திருப்பி அனுப்பும். சென்சார் இருக்கிற கார்ல பொய் பீப் வர்றதுக்கு வாய்ப்பு அதிகம் உள்ள வகை.

ரெண்டாவது, ஸ்வான் நெக். அன்னப்பறவை கழுத்து மாதிரி ஒரே கம்பியா வளைஞ்சு வந்து நுனியில் உருண்டை. மெலிசா இருக்கு, பம்பருக்குக் கீழேர்ந்து வளைஞ்சு வருது. அதனால சென்சார் தொந்தரவு குறைவு. கேரவன் இழுக்கிறவங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கு: ஆட்டத்தைக் கட்டுப்படுத்துற ஸ்டெபிலைசர் பொருத்த உருண்டையைச் சுத்தி இடம் வேணும், நீளக் கழுத்து அதைத் தரும். ஆனா "ஸ்வான் நெக் போட்டா பீப் வரவே வராது"ன்னு யாராவது உத்தரவாதம் கொடுத்தா, உங்க கார் மாடலுக்கு அதை எழுதித் தரச் சொல்லுங்க. பம்பர் வடிவம், சென்சார் இருக்கிற உயரம் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும்.

மூணாவது, டிடாச்சபிள். வேலை முடிஞ்சதும் கழுத்தைக் கழட்டி பூட் உள்ளே வெச்சிடலாம். சாவி போட்டுப் பூட்டுற வசதி இருக்கும். ஒரு வருஷத்துல பத்து நாள் இழுக்கப் போறீங்க, மிச்ச நாளெல்லாம் டெஸ்கோ, ஸ்கூல், ஆபீஸ்னா இதுதான் உங்களுக்கு. கழட்டி வெச்ச நாள்ல சென்சார் முன்னாடி எதுவுமே இல்லை; பொய் பீப்புக்கு வேலையே இல்லை. ஆனா கழட்டுற ஒழுக்கம் நமக்கு வேணும். மழையில நனைஞ்ச சனிக்கிழமை ராத்திரி "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு விட்டா, அது தீபாவளி வரைக்கும் அங்கேயேதான் இருக்கும். சேறும் உப்பும் படிஞ்சா பூட்டு இறுகிடும். அப்பப்ப துடைச்சு, தயாரிப்பாளர் சொன்னபடி பராமரிக்கணும்.

நாலாவது, ரிட்ராக்டபிள். பட்டனை அழுத்தினாலோ லீவரை இழுத்தாலோ கழுத்து சுழன்று பம்பருக்குக் கீழே மறைஞ்சுடும். ரொம்ப வசதி, ரொம்ப விலை. பெரும்பாலும் புதுக் கார் வாங்கும்போதே கம்பெனியில் ஆர்டர் பண்ற வகை.

இதில் ஒரு சட்ட விஷயமும் சேர்ந்திருக்கு. டோபால் உங்க நம்பர் பிளேட்டை மறைக்கக் கூடாது. நிரந்தரமா பொருத்துற வகை எடுக்கிறீங்கன்னா, பின்னால் நின்னு பார்த்து எழுத்து எல்லாம் தெளிவாத் தெரியுதான்னு பாருங்க.

வயரிங்: காருக்குச் செய்தி போகுதா?

இப்ப முக்கியமான பகுதி. டோபார் இரும்பு பூட்டிட்டு வந்துட்டா வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. பின்னால் ட்ரெய்லர் மாட்டியிருக்குன்னு காருக்கு யார் சொல்றது?

சாக்கெட்டில் ரெண்டு வகை. 7 பின் என்பது பழைய பாணி: இண்டிகேட்டர், பிரேக் லைட், பின் விளக்கு, ஃபாக் லைட். அடிப்படை விளக்குகள் மட்டும். 13 பின் சாக்கெட்டில் அதோட ரிவர்ஸ் லைட்டும், கேரவன் பேட்டரி, ஃப்ரிட்ஜுக்கான கரண்ட்டும் சேரும். இன்னைக்குப் புதுசா போடுறவங்க 13 பின்னே போட்டுக்கலாம். 7 பின் ட்ரெய்லர் கிடைச்சா ஒரு சின்ன அடாப்டர் போதும்.

சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற வயரிங்கிலும் ரெண்டு வகை. அங்கதான் விலை வித்தியாசம் வருது.

யுனிவர்சல் கிட் எந்தக் காருக்கும் பொருந்தும். காரின் பின் விளக்கு வயர்களைத் தொட்டு, "இண்டிகேட்டர் எரியுதா? சரி, ட்ரெய்லர்லயும் எரிய விடு"ன்னு ஒரு ரிலே மூலமா பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுக்கும். எளிமையானது, மலிவானது. ஆனா அது காரோட பேசாது. எட்டிப் பார்த்து நடிக்கிற ஆள் மாதிரி. ட்ரெய்லர் மாட்டியிருக்குன்னு காரின் கம்ப்யூட்டருக்கு ஒரு தகவலும் போகாது. சில யுனிவர்சல் கிட்களில் பிளக் சொருகினதும் சென்சாரை மட்டும் அணைக்கிற தனி இணைப்பு உண்டு. அது உங்க கார்ல வேலை செய்யுமான்னு கேட்டுக்கணும்.

டெடிகேட்டட் கிட் உங்க கார் மாடலுக்குன்னே செஞ்சது. காரின் பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற கேன் பஸ் என்ற வலையில் நேரா சேரும். மாட்டின பிறகு கம்ப்யூட்டர் வெச்சு கோடிங் பண்ணணும். அப்புறம் நீங்க ட்ரெய்லர் பிளக்கைச் சொருகின அந்த நிமிஷமே காருக்குத் தெரியும். தெரிஞ்சதும் என்ன நடக்கும்? கார் மாடலைப் பொறுத்து இதெல்லாம்:

- பின் பார்க்கிங் சென்சார் தானா அணையும். பிளக்கை எடுத்ததும் தானா உயிர் வரும்.
- காரின் பின் ஃபாக் லைட் அணைஞ்சு ட்ரெய்லரின் ஃபாக் லைட் மட்டும் எரியும். இல்லைன்னா அந்த வெளிச்சம் ட்ரெய்லர் முகத்தில் பட்டு உங்க கண்ணாடியிலேயே அடிக்கும்.
- ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிச்சா, அந்த வசதி உள்ள கார்கள் தானா பிரேக் போட்டு நிலைப்படுத்தும்.
- பக்கவாட்டு ரேடார், ரிவர்ஸில் தானா பிரேக் போடுற வசதி எல்லாம் ட்ரெய்லரைப் பார்த்துப் பதறாம ஒதுங்கும்.

கடைசி வரியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இப்ப வர்ற பல கார்களில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஏதாவது இருந்தா காரே பிரேக் போடும். பின்னால் மாட்டியிருக்கிற உங்க ட்ரெய்லரையே அது தடையா நினைச்சா? கேம்ப் சைட்ல, சரிவுல, மழையில, நாலு பேர் பார்த்துக்கிட்டிருக்கும்போது கார் உங்களைப் பின்னாடி போகவே விடாது. முன்னாடி சொன்ன பொய் பீப் காதை மட்டும்தான் தொந்தரவு பண்ணும். இது காரையே நிறுத்திடும்.

எல்இடி விளக்கு உள்ள ட்ரெய்லர் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. சில வயரிங் கிட்கள் ட்ரெய்லர் விளக்கு இழுக்கிற கரண்ட்டை வெச்சுத்தான் "ட்ரெய்லர் வந்தாச்சு"ன்னு கண்டுபிடிக்கும். எல்இடி இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி. அதனால ட்ரெய்லர் இருந்தும் கார் இல்லைன்னு நினைச்சு, சென்சார் கத்திக்கிட்டே இருக்கும். "எல்இடி விளக்கோட இது வேலை செய்யுமா?"ன்னு முன்னாடியே கேளுங்க.

எனக்கு வந்த மூணு விலை

எங்க எஸ்டேட் காருக்கு நான் மூணு இடத்துல விலை கேட்டேன். ஒருத்தர் ஃபிளாஞ்ச், 7 பின், யுனிவர்சல் வயரிங்: 390 பவுண்ட். ரெண்டாமவர் ஸ்வான் நெக், 13 பின், டெடிகேட்டட்: 640. மூணாமவர் டிடாச்சபிள், 13 பின், டெடிகேட்டட், கோடிங் சேர்த்து: 860.

முதல் ஆள்கிட்ட "சென்சார் என்ன ஆகும்?"னு கேட்டேன். "தொந்தரவு பண்ணினா அதோட ஃபியூஸைப் பிடுங்கிடலாம்"னு சாதாரணமாச் சொன்னார். அங்கேயே எனக்குப் பதில் கிடைச்சுடுச்சு. பத்து நாள் ட்ரெய்லருக்காக முந்நூத்து அம்பத்தஞ்சு நாள் குருட்டுத்தனமா ரிவர்ஸ் எடுக்கணுமா? எங்க வீட்டிலும் ரெண்டு வாண்டுகள் இருக்காங்க. மூணாவது விலைக்குப் போனோம். மாசக் கடைசியில கொஞ்சம் கடிச்சது, உண்மை.

உங்க நிலைமை வேற மாதிரி இருக்கலாம். வாரத்துக்கு மூணு நாள் ட்ரெய்லர் இழுக்கிற வேலைன்னா, தினமும் கழட்டி மாட்டுறதுல அர்த்தமில்லை. ஸ்வான் நெக்கும் டெடிகேட்டட் வயரிங்கும் சரியான ஜோடி. பட்ஜெட் இறுக்கமா இருந்தா நான் சொல்றது: இரும்பில் ஒரு படி இறங்குங்க, வயரிங்கில் இறங்காதீங்க.

எடைக் கணக்கு: முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டின தாத்தா யாராவது உங்க வீட்டில் இருந்தா இந்தப் பகுதியை அவரே சொல்லிடுவார். வண்டியில மூட்டையைப் பின்னால் ஏத்தினா பின்பாரமாகி நுகத்தடி மேலே தூக்கும். முன்னால் ஏத்தினா முன்பாரமாகி மாட்டின் கழுத்தை அழுத்தும். அளவான முன்பாரம்தான் வண்டியை நேரா ஓட வைக்கும். ட்ரெய்லரும் அதேதான். டோபால் மேல கீழ்நோக்கி விழுகிற இந்த எடைக்குப் பேர் நோஸ் வெயிட். பின்பாரமான ட்ரெய்லர் வேகத்தில் ஆட ஆரம்பிக்கும்.

உங்க கார், டோபார், ட்ரெய்லர் மூணுக்கும் தனித்தனி உச்ச நோஸ் வெயிட் உண்டு. மூணில் எது குறைவோ அதுதான் உங்க எல்லை. டோபாரில் ஒட்டியிருக்கிற தகட்டில் எஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கிலோவில் போட்டிருக்கும்.

சைக்கிள் ரேக் மட்டும் மாட்டுறவங்களுக்கும் இது உண்டு. உதாரணமா எல்லை 75 கிலோன்னு வைங்க. ரேக் 18 கிலோ, ரெண்டு எலெக்ட்ரிக் சைக்கிள் தலா 25 கிலோ. கூட்டினா 68. சரி. "பாப்பாவோட சைக்கிளையும் வெச்சிடலாம், சின்னதுதானே"ன்னு 9 கிலோ சேர்த்தா 77. எல்லை தாண்டியாச்சு. ரேக்குக்குன்னு தனி எல்லையும் இருக்கு, அதையும் பாருங்க. பேட்டரியைக் கழட்டி காருக்குள்ள வெச்சா சில கிலோ குறையும்.

இழுக்கிற மொத்த எடைக்கு, கார் கதவு ஓரத்திலோ பானட்டுக்கு அடியிலோ இருக்கிற வின் தகட்டைப் பாருங்க. முதல் எண் கார் முழு பாரத்தோடு இருக்கக்கூடிய எடை. ரெண்டாவது எண் காரும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை. ரெண்டாவது எண் இல்லைன்னா அந்தக் காருக்கு இழுக்க அனுமதி இல்லைன்னு அர்த்தம். எலெக்ட்ரிக் கார் வெச்சிருக்கிறவங்க இதைக் கட்டாயம் பார்க்கணும். சில மாடல்களுக்கு ட்ரெய்லர் இழுக்க அனுமதியே கிடையாது; சிலதுக்கு சைக்கிள் ரேக் மட்டும்தான்.

சட்டமும் காகிதமும்

1998 ஆகஸ்ட் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கு பிரிட்டனில் டைப் அப்ரூவல் பெற்ற டோபார்தான் மாட்டணும். அதாவது உங்க கார் மாடலுக்குன்னு சோதிச்சு ஒப்புதல் வாங்கினது. அந்த ஒப்புதல் எண் டோபார் தகட்டிலேயே இருக்கும். ஆன்லைன்ல மலிவா பார்த்த இரும்பில் அந்தத் தகடு இல்லைன்னா, ஆசையை அங்கேயே விட்டுடுங்க.

லைசென்ஸ் விஷயத்தில் நல்ல செய்தி. 1997 ஜனவரி 1க்குப் பிறகு பிரிட்டனில் கார் டெஸ்ட் பாஸ் பண்ணினவங்க பெரிய ட்ரெய்லருக்குத் தனி டெஸ்ட் எழுதணும்னு முன்னாடி விதி இருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது இல்லை. 3,500 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம். அனுமதி இருக்குங்கிறதுக்காகப் பழக்கம் வந்துடாது. காலி கார் பார்க்கில் ஒரு மணி நேரம் ரிவர்ஸ் பழகுங்க. ட்ரெய்லரோட மோட்டார்வேயில் உச்ச வேகம் மணிக்கு 60 மைல். மூணு லேனோ அதுக்கு மேலோ இருந்தா வலது கடைசி லேனுக்குப் போகக் கூடாது.

இன்னும் ரெண்டு போன் கால் பாக்கி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு டோபார் மாட்டினதைச் சொல்லுங்க. கார் லீஸிலோ ஃபைனான்ஸிலோ இருந்தா, மாட்டுறதுக்கு முன்னாடியே அவங்க அனுமதியை எழுத்தில் வாங்குங்க. நம்ம வயசுல பாதிப் பேர் கார் சொந்தக் கார் இல்லை என்பதை நாமளே மறந்துடறோம்.

ஃபிட்டிங் நாள்

பல கார்களில் பின் பம்பரை முழுசா கழட்டுவாங்க. உள்ளே இருக்கிற தாங்கு சட்டத்தை எடுத்துட்டு, அந்த இடத்தில் டோபாரின் குறுக்குச் சட்டம் போகும். பம்பரைக் கழட்டும்போது சென்சார் வயர் பிளக்கையும் கழட்டணும். சில மாடல்களில் பம்பரின் அடிப்பக்கத்தில் ஒரு துண்டு வெட்ட வேண்டியிருக்கும். வெட்டு வெளியே தெரியுமான்னு முன்னாடியே கேளுங்க. காலை ஆட்டினா பூட் திறக்கிற வசதி உள்ள கார்னா, அதோட சென்சாரும் அதே இடத்துலதான் இருக்கும். டோபார் வந்த பிறகும் அது வேலை செய்யுமான்னு கேட்காம விடாதீங்க.

மாட்டி முடிச்ச பிறகு, உருண்டையின் நடுப்பகுதி தரையிலிருந்து 35 முதல் 42 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்; கார் முழு பாரத்தோடு இருக்கும்போது எடுக்கிற அளவு இது.

பணம் கொடுத்துட்டு சாவியை வாங்குறதுக்கு முன்னாடி, அங்கேயே இந்த அஞ்சையும் செஞ்சு பாருங்க:

1. ட்ரெய்லர் எதுவும் மாட்டாம ரிவர்ஸ் போடுங்க. பின்னால் காலி இடம்னா சத்தமே வரக் கூடாது.
2. அப்படியே இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டு, கால் பிரேக்கில் இருக்க, ஃபிட்டரை ஒரு அட்டைப் பெட்டியைப் பின்னால் ஒவ்வொரு மூலையாக் காட்டச் சொல்லுங்க. நாலு சென்சாரும் குரல் கொடுக்கணும். கழட்டி மாட்டினதில் ஒரு பிளக் விட்டுப்போயிருந்தா இங்கே தெரிஞ்சுடும்.
3. டெஸ்ட் போர்டு அல்லது ட்ரெய்லரைச் சொருகச் சொல்லுங்க. இப்ப ரிவர்ஸ் போட்டா பின் சென்சார் அணைஞ்சிருக்கணும்.
4. இண்டிகேட்டர், பிரேக், ஃபாக், ரிவர்ஸ் எல்லாம் ட்ரெய்லரிலும் எரியுதான்னு பாருங்க. ட்ரெய்லர் இண்டிகேட்டர் வேலை செய்யுதுன்னு உள்ளே உங்களுக்கு ஒளியாவோ ஒலியாவோ அடையாளம் தெரியணும். இது சட்டமும் கூட.
5. பிளக்கை எடுங்க. மறுபடி ரிவர்ஸ். அட்டைப் பெட்டியை மறுபடி காட்டுங்க. சென்சாருக்கு உயிர் திரும்பி வரணும்.

அஞ்சாவதைத்தான் எல்லாரும் விட்டுடறோம். என் கணக்கில் முக்கியமானதும் அதுதான். ட்ரெய்லரை இழுத்துட்டு வீட்டுக்கு வந்து, கழட்டி வெச்சுட்டு, திங்கக்கிழமை காலையில குழந்தைங்க வாசல்ல பையை மாட்டிக்கிட்டு நிற்கும்போது நீங்க எடுக்கப்போற ரிவர்ஸுக்காகத்தான் அந்தச் சோதனை.

அஞ்சும் சரியா இருந்தா காகிதத்தைக் கேட்டு வாங்குங்க: டோபாரின் ஒப்புதல் எண், வயரிங் கிட் விவரம், கோடிங் பண்ணின சான்று, வாரண்டி. காரை விற்கிற நாள்ல வாங்குறவர் இதைத்தான் கேட்பார்.

ட்ரெய்லரோட ரிவர்ஸ் எடுக்கும்போது சென்சார் அணைஞ்சிருக்கும் என்பதை மனசுல வைங்க. அப்ப உங்க கண் ரெண்டு பக்கக் கண்ணாடியும், பின்னால் இறங்கி நிற்கிற ஒரு ஆளும்தான். கூட வந்தவங்களை இறக்கி, நீங்க கண்ணாடியில் பார்க்கிற இடத்துல நிற்க வைங்க. அவங்க முகம் கண்ணாடியில் மறைஞ்சா உடனே நிறுத்துறதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடில் சைக்கிள் ரேக் மாட்டினா நம்பர் பிளேட், விளக்குக்கு என்ன பண்றதுன்னு பேசலாம். அதிலும் கேள்விகள் நிறைய வந்திருக்கு. உங்க கார் மாடல், எதை இழுக்கப் போறீங்க, வருஷத்துக்கு எத்தனை நாள்னு மூணு விவரத்தோட எழுதுங்க. அந்த மூணும் இருந்தாத்தான் பதில் உருப்படியா இருக்கும். பத்திரமா ஓட்டுங்க மக்களே.